கழுதைக்கு விழுந்த ஒத்தைக் குத்து

— பெட்டியக் கீழ வையி ஆர்வில்லா. பேசிக்கலாம்.

— பேசறதுக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கு? டட்லி தன் கடை வாசல்ல வோட்டுக் கணக்க ஒட்டிட்டான், ஊரே நின்னு பாக்குது. மத்த சாவடியில எல்லாம் கழுதைச் சின்னத்துக்கு ஏதோ தெளிச்சு விட்ட மாதிரியாவது விழுந்திருக்கு. நம்ம காக்கை ஓடைச் சாவடியில விழுந்தது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு! அது என் தம்பி வைலி தனக்குத்தானே குத்திக்கிட்டது. அப்ப உன் குத்து எங்கய்யா போச்சு?

— நான் கழுதைக்குத்தான் குத்தினேன்.

— குத்தின கழுதை பெட்டியிலருந்து ஓடிப்போச்சாக்கும்?

— என்னக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? குத்தினேன். மடிச்சேன். பெட்டியில போட்டேன். வந்தேன்.

— வந்த. வந்து இதே அடுப்புக்கு முன்னால நின்னு, "உன் தம்பிக்கு என் கையால ஒண்ணு போட்டாச்சு ஆர்வில்லா"ன்னு சொன்ன. நானும் நம்பினேன். கிறிஸ்துமஸுக்குன்னு தொங்கவிட்டிருந்த பன்னித் தொடைய அன்னிக்கே இறக்கி அறுத்து வறுத்துப் போட்டேன். தின்னியே, எங்கயாவது உறுத்துச்சா?

— நல்லாத்தான் இருந்துச்சு.

— இருக்கும் இருக்கும்.

— கடையில எவனாவது ஏதாவது சொன்னானா? போகும்போது பாட்டுப் பாடிக்கிட்டுத்தானே போன.

— யாரும் ஒண்ணும் சொல்லல. அதான்யா கொடுமை. உப்பு வாங்க நின்னேன். அச்சாபீஸ் ஹஸ்கின்ஸ் பொண்டாட்டி என்னப் பாத்ததும் கைக்குட்டையால வாயப் பொத்திக்கிட்டா. பின்னால பீப்பா மேல உக்காந்திருந்த எவனோ ஒருத்தன் மெதுவா, ரொம்ப மெதுவா, கழுதை மாதிரி கத்தினான். சொல்லி வச்ச மாதிரி எல்லாரும் கூரையப் பாக்கறாங்க. நான் உப்ப வாங்காமலே இறங்கி வந்துட்டேன்.

— எவன் கத்தினது? பேரச் சொல்லு.

— சொன்னா? போய்ச் சட்டையப் பிடிச்சிடுவியா? என்ன சொல்லிப் பிடிப்ப? "டேய், என் மச்சானக் கேலி பண்ணாத, அவனுக்கு வோட்டுப் போட்டவன் நான்"னு சொல்லுவியா? ஒண்ணுல ஒண்ணு போனா மிச்சம் என்னன்னு தெரிஞ்சவன் எல்லாம் அந்தப் பீப்பா மேலதான் உக்காந்திருக்கான்.

— அதான் பாரேன், அந்தக் கணக்குதான் எனக்கும் புரியல. வைலியோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. ரெண்டு வந்திருக்கணும்.

— மத்தவங்களும் இருக்காங்கய்யா! அதுவும் இருக்கு! வைலி பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டப்ப வந்து உக்காந்தாங்களே, நான் சுட்டு எடுத்துட்டுப் போன ஆப்பிள் பணியாரத்த ஆளுக்கு ரெண்டு எடுத்தாங்களே, "வாத்தியாரே, கர்னலுக்கு ஒரு பாடம் புகட்டறோம்"னு கையப் பிடிச்சாங்களே, அவங்க எல்லாரும் எங்க? சரி, அவங்கள விடு. அவங்க வெளியாளுங்க. நீ என் விரல்ல மோதிரம் போட்டவன். என் பக்கத்துல படுக்கறவன். உன்னத்தான் கேக்கறேன்.

— என்ன சொன்னா நம்புவ?

— உண்மையச் சொன்னா நம்புவேன். பயந்துட்டேன்னு சொல்லு. கர்னல் பெக்வித் நிலத்துல உழுது, கர்னல் குடுத்த வீட்டுல படுத்து, கர்னல் நாயக் கண்டாக்கூட தொப்பியக் கழட்டிப் பழகின உடம்பு. கை தானா அவரு கட்சி சேவல் பக்கம் போயிருக்கும்.

— மறைப்புக்குள்ள கர்னல் எங்க வந்தாரு?

— உன் மண்டைக்குள்ள உக்காந்து வந்திருப்பாரு.

— கொஞ்சம் நான் சொல்றதக் கேளு. இத்தன வருஷமா எப்படி வோட்டுப் போட்டோம்னு உனக்குத் தெரியாது. பொம்பளைங்கள அங்க விடமாட்டாங்க. நடுவுல ஒரு மேசை. மேசைக்குப் பின்னால குமாஸ்தா. பக்கத்துல நாற்காலி போட்டுக் கர்னல். "லேமுவேல், உன் வோட்டு யாருக்கு?"ன்னு குமாஸ்தா ஊருக்கே கேக்கற மாதிரி கேப்பான். நான் கர்னலப் பாப்பேன். கர்னல் சுருட்டப் பாப்பாரு. அவரு நிறுத்தின ஆளு பேர நான் கத்துவேன். "நல்லது லேமுவேல்"ம்பாரு. அந்த நல்லதுக்கு ஒரு கிண்ணம் விஸ்கி. வர்ற வழியெல்லாம் ஓடையில இறங்கி வாயக் கழுவணும் போல இருக்கும் எனக்கு.

— கழுவினியா?

— கழுவினேன். சிரிக்காத. அதான் பாரேன், இந்தத் தடவை கென்டக்கிக்கே புதுச் சட்டம். யாரும் வாயத் தொறக்க வேண்டாம். கம்பியில போர்வை தொங்கவிட்டு ஒரு மறைப்பு. உள்ள நானும் ஒரு காகிதமும், அவ்வளவுதான். வெளிய வந்தப்ப கர்னல் அங்கதான் நின்னாரு. என் மூஞ்சியப் பாத்தாரு. மொத மொதலா அவருக்கு ஒண்ணும் தெரியல. நான் எவ்வளவு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன் தெரியுமா? அப்புறம் நான் எதுக்குப் பயப்படறேன்?

— பயமில்லன்னா அது அதவிட மோசம். பயந்தவன மன்னிச்சுக்கலாம். பயமே இல்லாம என் தம்பியக் கைவிட்டவன் கூட எப்படிக் குடும்பம் நடத்தறது? நகரு. அந்தக் கம்பளிப் பாவாடையும் பெட்டிக்குள்ள போகணும்.

— ஊரே கழுதைன்னு கத்தறதுக்கு நானா பொறுப்பு? நானா அந்தப் படத்தப் போடச் சொன்னேன்? கர்னல் பேசின பேச்சுக்குத்தானே அவன் எடுத்தான். ஆட்டுக்கறி விருந்துல, மேடை மேல ஏறி நின்னு, "என் ஓடைக்கரை நிலத்துக்கு முழு மதிப்புப் போட்டு வரி வாங்க ஒரு வாத்தியார் வர்றானாம், புத்தகம் சுமக்கற கழுதை"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. வைலி எந்திரிச்சான்.

— எந்திரிச்சு என்ன சொன்னான், சொல்லு. உனக்குத்தான் அது மனப்பாடமாச்சே.

— "கர்னல் ஐயா, நியூயார்க் பத்திரிகைக்காரன் எல்லாம் உங்க கட்சியத்தானே கழுதையா வரையறான்? எதிர்க்கட்சிக்காரங்கள யானையா வரையறான், உங்களக் கழுதையா. அதுக்கு வெக்கப்பட்டுத்தானே இங்க வோட்டுச் சீட்டுல சேவல் படத்த வாங்கி வச்சிருக்கீங்க? நீங்க ரோட்டுல விட்டுட்டுப் போன கழுதைய நான் பிடிச்சுக் கட்டிக்கறேன்"ன்னான். என்னா கைதட்டு! நானும் தட்டினேன்.

— மேசைக்கு அடியில தட்டின.

— தட்டினேன்ல.

— அந்தக் கதையத்தான் ஊரு பூரா சொல்லுது. கர்னல் திட்டினாரு, வைலி அந்தத் திட்டையே கட்சிக்குச் சின்னமா எடுத்துக்கிட்டான்னு. நாளைக்கு யாராவது எழுதினாலும் அப்படித்தான் எழுதுவாங்க. கேக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா அது பொய்யி.

— என்னது?

— விருந்துக்கு முன்னாடியே அவன் கழுதைய முடிவு பண்ணிட்டான். கர்னல் அன்னிக்கு அப்படித் திட்டினது அவனுக்குத் தானா வந்து விழுந்த அதிர்ஷ்டம்.

— அப்ப எதுக்காக அத எடுத்தான்?

— உனக்காகய்யா.

— எனக்கா?

— மொதல்ல அவன் நினைச்சிருந்தது தராசு. சமவரிக் கட்சின்னு பேரு, அதுக்குத் தராசுதானே பொருத்தம்? அழகா வரைஞ்சு எடுத்துட்டு வந்தான். நீ கொட்டாய்க்குள்ள புகையிலைய உத்தரத்துல ஏத்திக்கிட்டு இருந்த. சும்மா காட்டற மாதிரி உன்கிட்ட காட்டினான். நீ என்ன சொன்ன?

— ஏதோ... நுகத்தடி மாதிரி இருக்குன்னேன்.

— நுகத்தடின்ன. அப்புறம் காகிதத்தத் தலைகீழாப் பிடிச்சு, பால் வாளியான்னு கேட்ட. அவன் சிரிக்கல. "சரி மாமா, எந்தப் படம் போட்டா உங்களுக்குப் பாத்ததும் தெரியும்?"ன்னான்.

— காலைலருந்து சாயந்திரம் வரைக்கும் ஏருக்கு முன்னால நான் பாக்கறது கோவேறு கழுதை ஒண்ணுதான், அதப் போடு, கண்ண மூடிக்கிட்டுக் குத்தறேன்னேன். அது தமாஷுக்குச் சொன்னது ஆர்வில்லா!

— அவன் தமாஷா எடுத்துக்கல. போகும்போது கிணத்துகிட்ட நின்னு என்கிட்ட சொன்னான். "அக்கா, மாமா மாதிரி எழுத்து தெரியாதவங்க இந்த ஓடையில பாதிப் பேரு. நான் எனக்குப் பிடிச்ச படத்தப் போட்டுக்கிட்டா அவங்க எதப் பாத்துக் குத்துவாங்க? கழுதையே இருக்கட்டும். மாமாகிட்ட சொல்லிடாத, வெக்கப்படுவாரு"ன்னான்.

— இத ஏன் இப்பச் சொல்ற?

— நீ வெக்கப்படணும்னுதான்.

— எழுத்து தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. சபையில பாட்டுப் புத்தகத்த நான் சரியாத்தானே பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

— சரியாத்தான் பிடிக்கற. பக்கத்தத்தான் திருப்ப மாட்ட.

— ஓ.

— இன்னும் கேளு. அது என்ன கழுதைன்னாவது உனக்குத் தெரியுமா? ஹஸ்கின்ஸ்கிட்ட அச்சுல இருந்த கழுதை ஒண்ணே ஒண்ணுதான். அந்த விதவை ப்ரூயிட் வச்சிருக்காளே பொலிகழுதை, அதுக்கு வசந்தம் வந்தா நோட்டீஸ் அடிப்பாளே, அந்த அச்சுக்கட்டைதான் அது. "குதிரைகளைக் கொண்டு வாருங்கள், குட்டிக்கு உத்தரவாதம்"னு கீழ போட்டிருக்குமே, அதே படம்.

— அதான் பாரேன், எங்கயோ பாத்த மூஞ்சியா இருந்துச்சு.

— எல்லாருக்கும் பாத்த மூஞ்சிதான்! ஆம்பளைங்க ஒருத்தன ஒருத்தன் முழங்கையால இடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பாதிரியார் வைலிய ஓரமாக் கூப்பிட்டு, "தம்பி, சபையில பொம்பளைங்க இருக்காங்க, அந்தக் குறிப்பிட்ட மிருகத்துக்குப் பதிலா..."ன்னு இழுத்தாரு. எனக்குத் தரையில குழி இருந்தா இறங்கிடலாம் போல இருந்துச்சு. அவனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு வீட்டுலருந்து, கல்யாணத்த அப்புறம் பாக்கலாம்னு சொல்லிவிட்டாங்க. பள்ளிக்கூடத்துல பசங்க கரும்பலகையில ரெண்டு காது வரைஞ்சு வைக்கறாங்க, அவன் அத அழிச்சிட்டுத்தான் கணக்கு போடணும். இத்தனையும் யாருக்காகத் தாங்கினான்? நுகத்தடிக்கும் தராசுக்கும் வித்தியாசம் தெரியாத உனக்காக. நீ போய்ச் சேவலுக்குக் குத்திட்டு வந்து பன்னித் தொடை தின்ன.

— ஆர்வில்லா, ஒண்ணு கேக்கறேன். திட்டாத.

— கேளு.

— வேணும்னு நான் செய்யல. அது சத்தியம். ஆனா தெரியாம... தெரியாம மாத்திக் குத்தியிருப்பேனோ?

— சேவலுக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தன் இருக்கானா உலகத்துல?

— உள்ள மங்கலா இருந்துச்சு, போர்வை வெளிச்சத்த மறைச்சுது. காகிதம் நம்ம மேசைவிரிப்பு அளவு இருக்கு. பூரா எழுத்து. அவ்வளவு எழுத்த ஒண்ணாப் பாத்தா எனக்குத் தலை கிறுகிறுக்கும், அது உனக்குத் தெரியும். பின்னால வேற ஆளுங்க நிக்கறாங்க, சீக்கிரம் சீக்கிரம்னு குமாஸ்தா கனைக்கறான். மேல வரிசையாப் படம். ஒரு மரக்குடிசை, அது யானைக்காரங்களோடதுன்னு வைலி சொல்லியிருந்தான். அப்புறம் ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. நீட்டிக்கிட்டு ரெண்டு காதப் பாத்தேன். காதுன்னுதான் நினைச்சேன். இப்ப நீ சொல்லச் சொல்ல, அது வாலாவோ றெக்கையாவோ இருந்திருக்குமோன்னு...

— காதப் பாத்தியா, இல்லயா? ஒண்ணச் சொல்லு.

— பாத்தேன்னுதான் நினைக்கறேன். ஆனா நினைச்சு என்ன பண்ண? உன் தம்பி படிச்சவன். அவன் மாத்திக் குத்த மாட்டான். அவனோடது ஒண்ணு, விழுந்ததும் ஒண்ணு. கணக்கு சரியா இருக்கு. அப்ப தப்பு என் கண்ணுலதானே இருக்கணும்?

— நிஜமாவே உனக்குத் தெரியலையா?

— எனக்கு மீசை மொளைச்ச நாள்லருந்து இன்னிவரைக்கும் கழுதை பின்னால நடந்தவன் நான். காதசைச்சா என்ன, மூக்கச் சுருக்கினா என்னன்னு அத்தனையும் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். காகிதத்துல வந்து நின்னா அதக்கூடத் தெரிஞ்சுக்க முடியலன்னா, நான் என்னடி மனுஷன்?

— சரி சரி. உக்காரு. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— ஆர்வில்லா, இத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத. கர்னலுக்குப் பயந்துதான் மாத்திப் போட்டேன்னு வச்சுக்கட்டும். பொய்யன்னு சொல்லட்டும், துரோகின்னு சொல்லட்டும். அது தேவலாம்.

— இப்ப என்னய்யா, பயந்துட்டேன்னு நீயே சொல்லுற?

— அப்படியே இருக்கட்டுங்கறேன்.

— வண்டிச் சத்தம் கேக்குது. வைலிதான். வந்து என்னக் கூட்டிட்டுப் போடான்னு மில்லுக்குப் போனவங்ககிட்ட சொல்லிவிட்டிருந்தேன்.

— அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? பின்வாசல் வழியாக் கொட்டாய்க்குப் போயிடறேன்.

— எங்கயும் போக வேண்டாம். நின்னு அவன்கிட்ட நீயே சொல்லு. ...வா தம்பி. படியில மண்ண உதறிட்டு வா.

— என்னக்கா, அவசரம்னு சொன்னாங்க. யாருக்காவது உடம்பு முடியலையா? இதென்ன பெட்டி?

— எனக்குத்தான் முடியல. மானம் போன சீக்கு. உக்காரு, காப்பி ஊத்தறேன்.

— மாமா, நீங்க ஏன் நிக்கறீங்க?

— இருக்கட்டும் மாப்ள. நின்னுக்கறேன்.

— நீ கடைப் பக்கம் போனியாடா?

— போனேன். அதாவது, போகாம இருந்தா ஒளிஞ்சுக்கிட்டான்னு சொல்லுவாங்க. வாசல்லயே நின்னு படிச்சேன். எல்லாரும் நான் படிக்கறதப் பாத்தாங்க.

— என்ன சொன்னாங்க?

— வேடிக்கை என்னன்னா, உள்ள ஒருத்தனும் பேசல. வெளிய வந்தப்புறம் ஒவ்வொருத்தனா ஓடி வந்து ஓரமாக் கூட்டிட்டுப் போறான். செருப்புத் தைக்கற ஆம்ப்ரோஸ், "வாத்தியாரே, அந்த ஒண்ணு நான்"ங்கறான். மில்லுக்காரன், "வெளிய விட்டுடாதீங்க, அந்த ஒண்ணு என்னோடது"ங்கறான். பாலம் போடற கிழவன் டால்டன் இருக்கானே, கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டுச் சொல்றான். ஒரு வோட்டுக்கு எத்தன அப்பன்னு எனக்கே கணக்குத் தவறிடுச்சு.

— பொய் சொல்றதுலயாவது ஒரு ஒழுங்கு வேண்டாமா? நீ என்ன சொன்ன?

— ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சு நன்றின்னேன்.

— நன்றியா? "அது நான் போட்டுக்கிட்டதுடா, போங்கடா"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு என்ன?

— காப்பி ரொம்பச் சூடா இருக்குக்கா.

— ஆறவிட்டுக் குடி. கர்னல் ஏதாவது சொன்னாரா?

— நேரா ஒண்ணும் சொல்லல. சேவல்ல நின்னு ஜெயிச்ச பிளெட்சோகிட்ட சொன்னாராம், "பாவம், வாத்தியாருக்குத் தன் மேலயாவது நம்பிக்கை இருக்கே"ன்னு. இனி ஓடைக்கரை நிலத்துக்கு மதிப்புப் போடறது பிளெட்சோதானே. ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டுப் போனாங்க.

— மாப்ள, நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க மாமா.

— நான் போட்டது உனக்கு விழல. நான்... கர்னலுக்குப் பயந்துட்டேன். அவரு நிலம், அவரு வீடு. கை சேவலுக்குப் போயிடுச்சு.

— பொய் சொல்லாதய்யா. அவனுக்கு மட்டுமாவது உண்மையச் சொல்லு.

— நான்தான் உன்கிட்ட கேட்டுக்கிட்டேனே ஆர்வில்லா.

— அவன் எனக்குத் தம்பி. உனக்காக ஊரு சிரிக்கச் சிரிக்க நின்னவன். அவன்கிட்டயுமா மறைக்கறது?

— சரி. மாப்ள, மாத்திக் குத்திட்டேன் போல. கழுதைன்னு நினைச்சுக்கிட்டு. எனக்குத் தெரியணும்னுதான் நீ அந்தப் படத்தப் போட்டன்னு உங்க அக்கா இப்பத்தான் சொன்னா. அப்படிப் போட்டும் எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. என்ன மன்னிச்சிடு.

— பரவால்ல மாமா.

— பரவால்லன்னு சொல்லாத. திட்டு. திட்டினா மனசுக்கு நல்லா இருக்கும்.

— மங்கலான இடம். யாருக்கும் அப்படி ஆகலாம். பரவால்ல.

— பாத்தியாய்யா? இவன் மேலயா ஊரு கத்துது? தன் முதுகுல குத்தினவனக் கூட மன்னிக்கறான். தலையக் கூட நிமித்தாம மன்னிக்கறான்.

— அக்கா, போதும் விடு.

— எதுக்கு விடணும்? இந்த ஓடையில ஆம்பளைன்னு சொல்லிக்கறவன் எல்லாம் சேவலுக்குப் பின்னால ஓடினான். நீ ஒருத்தன்தான் கழுதைக்கு நின்ன. நீ போட்ட அந்த ஒண்ணாலதான் இந்த வீட்டுல நான் இன்னிக்குக் கொஞ்சமாவது மூச்சு விடறேன்.

— அக்கா, நான் கிளம்பறேன். நீ அப்புறமா வரலாம். மழை வர்ற மாதிரி இருக்கு.

— மழையாவது ஒண்ணாவது. பெட்டியத் தூக்கு, நானும் வர்றேன்.

— மாப்ள, போறதுக்கு முன்னால எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. வோட்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் காட்டறதுக்கு ஒரு மாதிரிச் சீட்டு வச்சிருந்தியே. அதுல எது எதுன்னு எனக்குக் காட்டிக் குடு.

— இப்ப எதுக்கு மாமா அது?

— அடுத்த தடவையும் இதே கண்ணத்தானே எடுத்துக்கிட்டுப் போகணும் நான்?

— காட்டுடா. கோட்டுப் பையிலதான் நீட்டிக்கிட்டு இருக்கே.

— இருக்கட்டும் அக்கா, இன்னொரு நாள்...

— மனுஷன் கெஞ்சறாருல்ல? விரிச்சு வையி மேசை மேல.

— இந்தாங்க மாமா.

— இது மரக்குடிசை. சரியா?

— சரி மாமா.

— இரு, நீ சொல்லாத, நானே பாக்கறேன். அன்னிக்கு நான் குத்தினது இந்தப் பக்கம். இதோ, இந்தப் படம். இதுக்குக் கீழ இருக்கற இந்த வட்டத்துலதான் குத்தினேன், விரல்ல மை கூட ஒட்டுச்சு. இதோ காது. இதோ வயித்துக்குக் கீழ அந்த விதவை ப்ரூயிட் கழுதைக்கு இருக்கற வெள்ளை. மாப்ள, எனக்கு இப்பவும் இது கழுதையாத்தான் தெரியுது. நல்ல வெளிச்சத்துலயும் அப்படியேதான் தெரியுது. அப்ப எனக்கு என்னமோ ஆயிடுச்சு. இதுவா சேவலு?

— வைலி, வாயத் தொறந்து சொல்லேன்டா. அவரு விரலு எது மேல இருக்கு?

— கழுதை மேலதான் இருக்குக்கா.

— என்னடா சொல்ற?

— மாமா, கத்திச் சொல்ற காலத்துல, வோட்டுக்கு நிக்கறவன் மேசை முன்னால வந்தா யாரு பேரச் சொல்லுவான்?

— எதிராளி பேரத்தான். தொப்பியக் கழட்டிட்டு எதிராளி பேரச் சொல்லுவான். எதிராளி இவன் பேரச் சொல்லுவான். ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும். தன் பேரத் தானே கத்தினவன அப்புறம் ஒரு வீட்டுலயும் சேத்துக்க மாட்டாங்க. உங்க அப்பா நின்னப்ப அவரும் அப்படித்தான் செஞ்சாரு. இப்ப எதுக்கு அது?

— அன்னிக்கு நானும் பிளெட்சோவும் ஒரே நேரத்துல வாசலுக்கு வந்தோம். எதிராளியா இருந்தாலும் அவன் எனக்குத் தொப்பியத் தூக்கினான். நானும் தூக்கினேன். உள்ள போனேன். என் பேருக்கு மேல நின்னுக்கிட்டு அந்தக் கழுதை என்னையே பாக்குது. கை கூசிச்சு.

— போர்வைக்குப் பின்னால உன்ன யாருடா பாத்தா?

— யாரும் பாக்கலக்கா. அதாவது, அந்த நேரத்துக்கு அது எனக்குத் தோணவே இல்ல. வெளிய வந்தா பிளெட்சோ படியில நின்னு, தனக்கே ஒண்ணு குத்திக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருக்கான்.

— மாப்ள, நீ என்ன சொல்றன்னு எனக்கு விளங்கல.

— உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகல மாமா. சேவலுக்குக் குத்தினது நான்.